ஏழு பேர்... ஒரு வண்டி... ஒரு நாற்பது பக்க நோட்டு!

ஜீயபுரத்துக்கும் திருப்பராய்த்துறைக்கும் இடையில், கரூர் சாலையிலிருந்து காவிரிப் பக்கம் இறங்குகிற மண்பாதையில் இருக்கிறது அந்த வீடு. மூன்றே கால் ஏக்கர் வாழை. அதில் ஒன்றரை ஏக்கர் பூவன், இலைக்காக. மீதி ஏலக்கியும் கொஞ்சம் ரஸ்தாளியும், தாருக்காக. வீட்டில் ஏழு பேர். விவசாயி, அவர் மனைவி, கல்லூரி முடித்த மகள், பத்தாவது படிக்கும் மகன், முட்டிவலியோடு நடமாடும் 76 வயது அம்மா, குவைத்தில் வேலை பார்க்கும் தம்பியின் மனைவி, தம்பியின் ஆறு வயது மகன்.

இந்த ஏழு பேருக்கும் இதுவரை இருந்தது இரண்டு பைக், ஒரு மொபெட். அம்மாவை ஸ்ரீரங்கத்துக்கோ, தில்லைநகர் பக்கம் முட்டி டாக்டரிடமோ கூட்டிப்போக வாடகைக் கார். மொத்தக் குடும்பமும் கிளம்பினால், ஊர்க்காரர்கள் பலரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். லோடு ஆட்டோவில் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து போவது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு காதுகுத்துக்கு அப்படிப் போகும்போது வண்டி திடீரென்று பிரேக் அடித்தது. அப்போது மூன்று வயதாக இருந்த தம்பி மகன், பெரியம்மா மடியிலிருந்து வழுகிப்போய் பின்கதவில் மோதினான். நெற்றியில் நான்கு தையல். அதோடு போனது என்று எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தப்பு. அசம்பாவிதம் நடந்தால் காப்பீட்டுப் பணம் வாங்குவதும் பெரும்பாடு. இதெல்லாம் தெரியாமல் யாரும் ஏறுவதில்லை. வேறு வழி இல்லாமல்தான் ஏறுகிறார்கள்.

அன்று ராத்திரி குவைத்திலிருந்து தம்பி பேசினார். "அண்ணே, பெரிய வண்டியா ஒண்ணு எடுத்துடுவோம். இன்னோவா மாதிரி. பாதி நான் தர்றேன்."

"பாக்கலாம்டா" என்றார் அண்ணன். அந்தப் 'பாக்கலாம்' மூன்று வருஷம் ஓடியது. போன வருஷம் ஏலக்கிக்கு நல்ல விலை கிடைத்த பிறகுதான், அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

விலைப்பட்டியல் எழுதத்தான் நோட்டு என்று மகள் நினைத்தாள். அவர் எழுதியது வேறு. ஆகஸ்ட் மாதம் முழுக்க வீட்டிலிருந்து யார், எங்கே, எத்தனை பேராக, என்ன சாமானோடு போனார்கள் என்று தினமும் குறித்தார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 44 பயணம். அதில் ஒருவர் அல்லது இருவராகப் போனது 32. நான்கைந்து பேராகப் போனது 7. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது 3. ஏழு பேரும் சேர்ந்து போனது இரண்டே இரண்டு. ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சமயபுரம், அப்புறம் லால்குடியில் ஒரு வளைகாப்பு. அதுவும் ஆடி, ஆவணி என்பதால் இரண்டு. ஐப்பசியில் எழுதியிருந்தால் ஒன்றுகூட இருந்திருக்காது.

இந்தக் கணக்குதான் இன்னோவாவை வெளியே தள்ளியது. வருஷத்தில் இருபது நாளைக்காக 20 லட்சமா என்று கேட்டதும் தம்பியும் இறங்கி வந்தார். அதே சமயம், அந்த இருபது நாளும் லோடு ஆட்டோ இல்லை என்பதும் முடிவாகிவிட்டது. ஆக, மற்ற நாளில் இரண்டு பேருக்குச் சின்ன வண்டியாகவும், அந்த இருபது நாளில் ஏழு பேருக்கு இடம் உள்ளதாகவும் ஒன்று வேண்டும்.

அப்படிப் பார்த்தால் சந்தையில் நிறைய இல்லை. ஈக்கோதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால், இப்போது அதில் ஏழு இருக்கை வருவதில்லை, ஆறுதான். பொலிரோ மண்பாதைக்குப் பிறந்த வண்டி. ஆனால், அதன் கடைசி வரிசை குறுக்கே பார்த்து எதிரெதிராக உட்காரும் இருக்கை. அம்மா அதன் படியைப் பார்த்துவிட்டு, "இதுல ஏறுறதுக்கு ஒரு முக்காலியையும் கூடவே தூக்கிட்டு வரணும்" என்றார். அத்தோடு அது முடிந்தது. மிச்சம் இருந்தது ரெனோ ட்ரைபரும் மாருதி எர்டிகாவும்.

காகிதத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. ட்ரைபர் 4 மீட்டருக்குச் சற்றே குறைவு. 999 சிசி, மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். எர்டிகா 4.4 மீட்டரை ஒட்டிய நீளம். 1,462 சிசி, நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறனை ஒட்டி வரும். இந்த நீளமும் சிசியும் வெறும் எண் இல்லை, வரியைத் தீர்மானிப்பதும் அதுதான். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். அதைத் தாண்டினால் 40. அதனால்தான் ஒன்று 6 லட்சத்தை ஒட்டியும், இன்னொன்று 9 லட்சத்தை ஒட்டியும் தொடங்குகிறது. இது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவிகிதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18. எர்டிகாவின் மேல் ரகங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இதோடு புது காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். இவ்வளவும் சேர்த்து வண்டி வாசலுக்கு வரும்போது எவ்வளவு என்று எழுதி வாங்காமல் அவர் எந்த ஷோரூமிலிருந்தும் கிளம்பவில்லை.

ஓட்டிப் பார்க்கும் நாளில்தான் வேடிக்கை. ஒரு ஷோரூமில், "ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வரலாம் சார்" என்றார் விற்பனையாளர். "நாங்க ஏழு பேர் தம்பி. ஏழு பேரும் ஏறணும், காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகணும், எங்க வீட்டுப் பாதையிலயும் ஒரு தடவை இறங்கி ஏறணும்" என்றார் இவர். விற்பனையாளருக்கே வண்டியில் இடம் இல்லை. மகன் இறங்கி, அவருக்கு இடம் கொடுத்தான். கார் வாங்குகிறவர் தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தால், எந்த ஏழு இருக்கை வண்டியும் பறக்கத்தான் செய்யும்.

ட்ரைபரில் ஏழு பேரும் ஏ.சி-யும் சேர்ந்தபோது வித்தியாசம் தெரிந்தது. கரூர் சாலை, காவிரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஓடுகிற குறுகலான சாலை. முத்தரசநல்லூர் தாண்டி ஒரு டவுன் பஸ்ஸை முந்தப் பார்த்தார். எதிரே லாரி தெரிந்ததும் பின்வாங்கிவிட்டார். கியரைக் குறைத்து, அவகாசம் பார்த்து முந்த வேண்டிய வண்டி இது. இரண்டு பேராகப் போனால் அந்தக் குறை தெரியவில்லை. எர்டிகா அதே இடத்தில் அலட்டாமல் முந்தியது. இதை மறைக்க வேண்டியதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மாதாமாதம் ஏழு பேரோடு ஏறுகிற குடும்பம் என்றால், பெரிய இன்ஜினுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். இவர்கள் மலையேறுவது வருஷத்துக்கு ஒருமுறை.

ஆனால், ஸ்ரீரங்கத்தில் கதை மாறியது. பூக்கடை, மாடு, வெளியூர் வேன் எல்லாம் நெருக்கும் உத்தர வீதி, சித்திரை வீதித் திருப்பங்களில் சின்ன வண்டி சுலபமாகப் புகுந்து வந்தது. வீட்டுப் பாதையில் மதகை ஒட்டி ஒரு திருப்பம் உண்டு. ட்ரைபர் ஒரே வளைப்பில் திரும்பியது. எர்டிகாவை ஒருமுறை பின்னே எடுத்துத்தான் திருப்ப முடிந்தது. தினமும் இரண்டு முறை அந்தத் திருப்பம். மழைக்காலத்தில் பக்கத்தில் வாய்க்கால்.

திரும்பி வரும்போதுதான் அவர் கவனித்தார். இரண்டு வண்டியிலும், யாரும் சொல்லாமலேயே தம்பி மனைவி மகனை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டார். லோடு ஆட்டோவிலும் அவர் அப்படித்தான், கடைசியில் ஏறி ஓரத்தில் உட்காருவார். "எப்படிம்மா இருக்கு பின்னாடி?" என்று கேட்டார். "நல்லாருக்கு மாமா" என்று பதில் வந்தது. அந்த 'நல்லாருக்கு' அவருக்குச் சரியாகப் படவில்லை. மகளிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, சத்திரத்திலிருந்து கம்பரசம்பேட்டை வரை அவரே கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தார். ட்ரைபரில் முட்டி நெஞ்சுக்கு வந்தது. தலை கூரையைத் தொட்டது. எர்டிகாவில் கொஞ்சம் பரவாயில்லை.

இறங்கி நின்றதும் மறுபடியும் கேட்டார். இந்த முறை அந்தப் பெண் பேசினார். "இடம் போதும் மாமா. ஆனா, நடு சீட்டை மடிச்சாதான் நாங்க இறங்க முடியுது. அத்தை அந்த சீட்ல உட்கார்ந்தா, ஒவ்வொரு தடவையும் முட்டியோட அவங்க இறங்கி ஏறணும். அவசரம்னா நானும் பையனும் எப்படி வெளியே வர்றது? அப்புறம், எங்களுக்கு ஏ.சி காத்து வருதான்னும் பாக்கணும்."

மூன்று வாரமாக யாருக்கும் தோன்றாத கேள்வி. ஏழு இருக்கை வண்டியைப் பற்றி முதலில் விசாரிக்க வேண்டியது கடைசி வரிசையில் உட்காரப் போகிறவரிடம்தான். வீட்டில் யார் அங்கே உட்காருவார் என்பது எல்லோருக்கும் தெரியும், கேட்பதுதான் இல்லை. உடனே இருக்கை மாற்றம் நடந்தது. அம்மா முன்னால், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில். ஏறுவதும் இறங்குவதும் அங்கேதான் சுலபம். நடுவில் இடது ஓரம், சட்டென்று இறங்கக்கூடிய பத்தாவது படிக்கும் பையன். ஏ.சி குழல் பின்வரிசை வரை வருகிற ரகமாகப் பார்த்தார்கள். விலை குறைந்த ரகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். இரண்டு வண்டிக்குமே இப்போது எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக் வருகிறது என்பதால், அதில் பேரம் இல்லை. ஆனால், கடைசி வரிசை பெல்ட்டை இழுத்துப் பூட்டிப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண் தலையாட்டினார். நெற்றித் தழும்பை நினைத்திருப்பார்.

சாமானுக்கான இடத்தையும் சொல்ல வேண்டும். ஏழு பேரும் உட்கார்ந்தால் ட்ரைபரில் பின்னால் மிஞ்சுவது 84 லிட்டர் இடம். இரண்டு பைக்குமேல் வைக்க முடியாது. எர்டிகாவில் 209 லிட்டர். அதிலும் சி.என்.ஜி ரகம் எடுத்தால் அந்த இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். ஆனால், ட்ரைபரின் கடைசி இரண்டு இருக்கைகளையும் தனித்தனியாகக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். அப்போது 625 லிட்டர். நோட்டில் இருந்த 42 பயணத்துக்கு அது போதும். "உர மூட்டை சரி. வாழைத்தாரை மட்டும் உள்ள ஏத்தினீங்க, பாத்துக்கங்க" என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டார். வாழைக்கறை ஒருமுறை இருக்கைத் துணியில் பட்டால், அந்தத் துணியின் ஆயுளுக்கும் போகாது.

கடைசியாகக் கடன். 4 லட்சம், 9 சதவிகித வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 8,300 ரூபாய். மொத்தம் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 4.98 லட்சம். தார் பணம் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். தவணை மாதாமாதம் வரும். காரணமே இல்லாமல் ஏலக்கி விலை ஒரு வருஷம் படுத்துவிடும். இன்னொரு வருஷம் காற்று சாய்த்துவிடும். அதனால் தார் பணத்தையும், தம்பி அனுப்பியதையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, தவணையைப் பூவன் இலைக் காசுக்குள் அடக்கினார். வாரா வாரம் காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற இலைக்கட்டு, மழை மாதத்தில்கூட எவ்வளவு தருமோ அதற்குள். எர்டிகாவின் தவணை அந்தக் கணக்குக்குள் வரவில்லை. முடிவானது அங்கேதான்; இன்ஜினிலோ இருக்கையிலோ இல்லை.

அக்டோபர் கடைசியில் ட்ரைபர் வந்தது. லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோல் விலைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 7 ரூபாய். ஏழு பேர் போகும் நாளில், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து முழுச் சுமைக்கான காற்றை டயரில் ஏற்றிக்கொள்கிறார். "பெட்ரோல் போட்டுத் தர்றேன், ஒரு நாளைக்கு வண்டியக் குடுங்க... ஏதாச்சும் கையில குடுத்துடுறேன்" என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். காசுக்கு விட்டால் அது வாடகை வண்டி. வெள்ளை போர்டுக்கு அது கூடாது, விபத்தானால் காப்பீடும் நிற்காது. "அப்பாயி முட்டிக்குத் திடீர்னு போக வேண்டியிருக்கும்ப்பா" என்று அம்மாவைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்.

டிசம்பர் 30 வைகுண்ட ஏகாதசி அன்று கூட்டத்துக்குப் பயந்து யாரும் கிளம்பவில்லை. நான்கு நாள் கழித்து, இராப்பத்தில் ஒரு நாள், ஏழு பேரும் ஸ்ரீரங்கம் போனார்கள். கழற்றி வைத்த இருக்கைகளை எடுக்கப் போனால், ஒன்றில் கோழி முட்டை வைத்திருந்தது. அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். மகள் ஓட்டினாள். திரும்பும்போது தம்பி மனைவி வழக்கம்போல் பின்னால் போகப் பார்க்க, "நீ நடுவுல உட்காரும்மா, இன்னைக்கு என் முறை" என்று சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே போனார் அவர்.

குடமுருட்டிப் பாலத்தில் வண்டி நின்றபோது, அந்த ஆறு வயதுப் பையன் நோட்டைக் கேட்டு வாங்கி அன்றைய வரியை எழுதினான். 'ஸ்ரீரங்கம். 7 பேர். பெரியப்பா பின்னாடி.'