குன்றத்தூர் அடிவாரத்தில் ஒரு வாயில்லா ஜீவன்

பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் தாண்டினால் குன்றத்தூர். சின்னக் குன்று, மேலே முருகன். 84 படிகள்தான், முழங்கால் வலிக்காரர்கள்கூட உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். சந்நிதியில் ஒரு பக்கம் நின்றால் முருகனோடு வள்ளி தெரிவாள். மறுபக்கம் நகர்ந்தால் தெய்வானை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரும் இதுதான். ஊருக்குள் அவர் கட்டிய திருநாகேஸ்வரம் கோயிலையும் பார்க்காமல் வராதீர்கள்.

போன கிருத்திகைக்குப் போயிருந்தேன். படி தொடங்குமிடத்தில் ஒரு நாய். கழுத்தில் சிவப்புப் பட்டை. முன்னங்கால் ஒன்று தரையில் படவில்லை. கார் வந்து நின்றால் ஆவலாக எழுந்திருக்கும்; வேறு யாரோ இறங்கியதும் மறுபடி படுத்துவிடும்.

“ஒம்பது நாளாச்சும்மா. கார்ல வந்து எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. நான்தான் ஒரு கை சோறு வைக்கிறேன். அதுக்குக் கண்ணெல்லாம் ரோட்டு மேலேயே” என்றார் பூக்கார அம்மா.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. 12 வருஷத்துக்கு முன் நாங்களும் அதைத்தான் செய்தோம். புது வாடகை வீட்டில் நாய் கூடாது என்றார்கள். ‘தெருவில் நாலு பேர் சோறு போடுவார்கள்’ என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு மணியை விட்டுவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் போனபோது, “உங்க வாசல்லயே படுத்திருந்துது, அப்புறம் காணோம்” என்றாள் பக்கத்து வீட்டம்மா. என் குழந்தைகளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு மலை ஏறவில்லை. ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் சாக்கை விரித்து, பிஸ்கட் காட்டி, பக்குவமாக அதைத் தூக்கினார். முன்பின் தெரியாத கல்லூரிப் பையன் ஒருவன் வாயை மெல்லத் துணியால் கட்டிவிட்டுக் கூடவே வந்தான். கால்நடை மருத்துவர் காலுக்குக் கட்டுப் போட்டு, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டார். ஆட்டோத் தம்பி, “சாமிக்குக் குடுத்ததா நெனச்சுக்கிறேம்மா” என்று காசே வாங்கவில்லை.

அடுத்து எங்கே விடுவது? கிண்டியில் புளூ கிராஸ் இருக்கிறது. 1959ல் கேப்டன் சுந்தரம் தொடங்கியது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து அதே தெருவில் விடும் வேலையை 1964லேயே ஆரம்பித்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் எத்தனையோ பிராணிகளைக் காப்பாற்றினார்கள். ஆனால் நாம் விட்டுவிட்டுப் போவதையெல்லாம் எந்தக் காப்பகம்தான் தாங்கும்? தயங்கித் தயங்கி வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் செய்தேன். “மாடிப்படிக்கு அடியில கட்டிக்கோங்க, பாவம்” என்றார். அன்றைக்கு மணிக்காக இப்படி ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தோமா? இல்லையே!

சகோதரிகளே, வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். வீடு மாறும்போது நாயைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அடிபட்ட நாய் வலியில் கடிக்கும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பு, மஞ்சள் வேண்டாம். தடுப்பூசியை ஒரு தவணைகூட விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

கன்றுக்குட்டிக்காகப் பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைச் சேக்கிழார் தம் நூலின் தொடக்கத்திலேயே வைத்தார். அவர் ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கால் இப்போது கூடிவிட்டது. குமரன் என்று கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறான். ஆனால் வாசலில் கார் சத்தம் கேட்டால் இன்னமும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான்.