பிரயாண ஏற்பாடு

மூட்டை கட்டுவதில் நம்மவர்களுக்கு ஈடானவர்கள் உலகத்தில் இல்லை என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். சேலத்திலிருந்து ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்கூட, ஈரோட்டில் அரிசி விளையாது, தண்ணீர் சுரக்காது என்று தீர்மானித்துக்கொண்டவர்களைப் போலத்தான் கிளம்புகிறார்கள். ஒரு மணி நேர ரயில் பிரயாணத்துக்கு இரண்டு கூடை, மூன்று பை, ஒரு கூஜா. கடல் கடந்து போவதென்றால் கேட்க வேண்டுமா?

என் அக்கா செம்மநத்தத்தில் இருக்கிறாள். ஏற்காட்டு மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். இரண்டு ஏக்கர் காப்பி, நிழல் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, நாலு பலா, கொல்லையில் சில ஆரஞ்சு மரம், இவ்வளவுதான் ஆஸ்தி. மச்சான் காலமாகி ஏழு வருஷமாகிறது. ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்துச் சேலத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். இந்த வருஷம் தை மாதக் கடைசியில், காப்பிப் பழம் பறித்து முடிந்ததும், ஜெர்மனிக்குப் புறப்பட்டுப் போனாள்.

“மாமா, நீங்க வந்து கூட இருந்தா அம்மா கொஞ்சம் தைரியமா இருப்பாங்க” என்று டெலிபோனில் கூப்பிட்டாள். கதை எழுதுகிறவனுக்கு வேறு ஜோலி இருக்காது என்பது எங்கள் குடும்பத்தாரின் கணக்கு. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து போய், மூன்று வாரம் அங்கே தங்கினேன்.

பெட்டி கட்டுவதற்கு முந்தியே பெரும் பகுதி வேலை முடிந்திருந்தது. ஜெர்மனியில் முழு நர்ஸாக வேலை பார்க்க அவர்கள் பாஷையில் பி2 என்கிற படி வரை தேற வேண்டும். இரவு டியூட்டி முடிந்து வந்து, தூங்குகிற நேரத்தில் படித்தே தேறியிருந்தாள். நர்ஸிங் சான்றிதழ்களை ஜெர்மனில் மொழிபெயர்த்தாயிற்று. அப்புறம் பெயர் விவகாரம். நமக்கு முன்னெழுத்து உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. அந்த நாட்டுக் காகிதங்களிலோ குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட முடியாது. ஆகவே பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் அந்த இடத்துக்குப் போயிற்று. இனி அங்கே ஆஸ்பத்திரியிலும் ஆபீசிலும் அவளை எல்லாரும் அவள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இதைக் கேட்டதும் அக்கா, “அந்த மனுஷன் சேலத்தைத் தாண்டினதில்லை. இப்ப எங்க போயிட்டார் பாரு” என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போனவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

நம் ஜில்லாவிலிருந்து கடல் கடந்து போவது புதிய சமாசாரம் அல்ல. 1860-ஆம் வருஷம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். பிறகு போன கப்பல்களில் ஆர்க்காடு, சேலம், தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் ஏராளம். பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. கண்டிச் சீமைக்குக் கங்காணிகள் பின்னால் போனவர்களுக்கு எண் பொறித்த தகரவில்லை கொடுக்கிற வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிற்று. தளத்தில் படுக்கையை விரித்துக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் அநேகர் கொண்டு போனது ஒரு துணி மூட்டை. கட்டுவதற்கு அதிகம் இல்லை. ஆகவே கட்டுவதில் சண்டையும் இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் சண்டை இருந்தது. விமானத்தார் அனுமதித்தது 23 கிலோ பெட்டி ஒன்று, 8 கிலோ கைப்பை ஒன்று. காப்பிப் பழம் நிறுக்கிற கொக்கித் தராசை விட்டத்தில் மாட்டிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தோம். முதல் நாள் 37 கிலோ காட்டிற்று. அதில் அவள் வைத்தது 11 கிலோ. பாக்கியெல்லாம் அக்காவின் கைங்கரியம்.

அதற்குப் பிறகு சட்டம் பேசத் தொடங்கினாள் பெண். நெய் கூடாது; பால், மாமிசம் சம்பந்தப்பட்ட எதையும் வெளியிலிருந்து வருகிறவர்கள் ஐரோப்பாவுக்குள் கொண்டு போகக் கூடாது. மலைத் தேன் 2 கிலோவுக்குள் என்றால் பாதகமில்லை. கொல்லை ஆரஞ்சு போகாது. 2019 டிசம்பரிலிருந்து, பழம் என்றால் பூச்சி நோய் இல்லை என்ற சர்க்கார் சான்றிதழ் வேண்டும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பொடி செய்து கொண்டு போவதுதான் புத்தி. முழுத் தேங்காய்க்கு அங்கே தடையில்லை. அதே தேங்காயைக் காயவைத்துக் கொப்பரையாக்கிவிட்டாலோ, எண்ணெய்ப் பசையால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பண்டம் என்று விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள்.

“தேங்காய் போகலாம், கொப்பரை போகக் கூடாதா? இதென்னடி நியாயம்?” என்றாள் அக்கா. நியாயம் அதுதான் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். அக்கா என்னை நம்பவில்லை. கதைக்காரன் என்ற பெயர் இந்த மாதிரி சமயங்களில் காலை வாரிவிடும்.

அலுமினியக் குக்கர் வெளியே வந்தது. அங்கே இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் அலுமினியம் சூடாகாது. அடி தட்டையான எவர்சில்வர் குக்கர் சின்னதாக ஒன்று உள்ளே போயிற்று. கைப்பேசிக்கு மின்சாரம் சேமித்து வைக்கிற பவர் பேங்க் பெட்டியில் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கம்பளிச் சட்டை மட்டும் விவாதமில்லாமல் போயிற்று. ஏற்காட்டு மார்கழி தெரிந்தவர்களுக்குக் கம்பளியைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

வறுத்து அரைத்த காப்பிப் பொடி அரைக் கிலோ போவதில் இரண்டு பேருக்கும் ஒருமித்த கருத்து. காப்பிக்கும் அந்த நாட்டுக்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1781-இல் ஜனங்கள் வீட்டில் காப்பிக்கொட்டை வறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, எந்த வீட்டில் வாசனை வருகிறது என்று மோந்து பார்க்க ஓய்வு பெற்ற சிப்பாய்களை நியமித்தார். அதற்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகுதான், 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். மோப்பக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் வறுத்த காப்பிக்கு அங்கே இன்றும் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி உண்டு. யோசித்துப் பார்த்தால் இந்த மலையில் ஊரை விட்டு வந்தவைதான் அதிகம். காப்பியின் பூர்வீகம் எத்தியோப்பியா. அதற்கு நிழல் தருகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எதுவும் வாடிப் போய்விடவில்லை. இதை அக்காவிடம் ஆறுதலாகச் சொன்னேன். “செடிக்கு அம்மா ஏது?” என்றாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் தராசு முள் 22½-இல் நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். பெண் நினைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் உண்மையான பிரயாண ஏற்பாட்டில் இறங்கினாள். அது அவளுக்கான ஏற்பாடு அல்ல.

அக்காவின் இரத்த அழுத்த மாத்திரைகளை எடுத்து, காலையில் சாப்பிட வேண்டியதன் டப்பாவில் சூரியனும் இராத்திரி மாத்திரையின் டப்பாவில் பிறையும் வரைந்து ஒட்டினாள். காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதை ஏழு தடவை செய்து காட்டி, எட்டாவது தடவை அக்காவையே செய்ய வைத்தாள். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதற்கு, தானே தோட்டத்துக் கோடியில் போய் நின்றுகொண்டு ஒத்திகை நடத்தினாள். பழம் பறிக்க வருகிறவர்கள் யார், கூலி என்ன, கவாத்து எந்த மாதம், போன வருஷம் பழம் என்ன விலைக்குப் போயிற்று என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தாள். கூடத்தில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் மாட்டினாள். குளிர்காலத்தில் நமக்கும் ஜெர்மனிக்கும் நாலரை மணி வித்தியாசம். மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள், அப்போது மூன்றரை. “பூ மழை வர்ற சமயம்மா. காப்பி பூத்ததும் நினைவா முள்ளைத் திருப்பி வெச்சிடு” என்றாள்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று விளங்கிற்று. போகிறவர்களுக்கு எடை வரம்பு உண்டு, சட்டம் உண்டு, விமானச் சீட்டில் தேதி உண்டு. இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் யார் ஏற்படுத்திக் கொடுக்கிறார்கள்? கப்பல் ஏறியவர்களைப் பற்றிப் பதிவேடுகள் இருக்கின்றன. துறைமுகம் வரை வந்துவிட்டுத் திரும்பி நடந்தவர்கள் அன்றைக்கு இராத்திரி எப்படிச் சமைத்தார்கள், எத்தனை பேருக்கு உலை வைத்தார்கள் என்பதை யார் எழுதி வைத்தார்கள்? கதை எழுதுகிற எங்களுக்கும் புறப்பாட்டில் இருக்கிற மோகம் இதில் இல்லை. வழியனுப்புகிற காட்சியோடு அத்தியாயத்தை முடித்துவிட்டுப் பெட்டியோடு கூடவே போய்விடுகிறோம்.

கடைசியாக அவள் செய்த ஏற்பாடு ஒன்று பாக்கி. அக்காவுக்கும் பாஸ்போர்ட் எடுத்தாள். தொழில் அங்கீகாரம் பெற்று அங்கே வேலை பார்க்கிறவர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொள்ள 2024 மார்ச் முதல் ஜெர்மன் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். போதிய வருமானம் காட்ட வேண்டும், வைத்திய இன்ஷூரன்ஸ் காட்ட வேண்டும். வயசானவர்களுக்கு அந்த இன்ஷூரன்ஸ் கிடைப்பதுதான் பாடு. அக்காவுக்குப் போகிற உத்தேசம் துளியும் இல்லை. செடியை யாரிடம் விட்டுப் போவது?

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, “எந்த நாட்டுக்கும்மா போறீங்க?” என்று கேட்டார்.

“நான் எங்கயும் போகலைங்க” என்றாள் அக்கா. “அவ அங்க உடம்புக்கு முடியாம படுத்தா, கிளம்பறதுக்குத் தடை இருக்கக் கூடாதில்ல? அதுக்குத்தான்.”

போலீஸ்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். புத்தகம் தபாலில் வந்ததும் அக்கா அதைப் பட்டா, பாஸ் புத்தகத்தோடு சேர்த்து மஞ்சள் பையில் வைத்து, பீரோவில் எட்டாத மேல் தட்டில் வைக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, கைக்கெட்டுகிற தட்டில் வைத்துப் பூட்டினாள்.