ஆயாவின் பாட்டும் நீல ஒளியும்

மாம்பழக் கூழ் ஆலையில் வேலை கிடைத்துக் குடியாத்தத்தை விட்டுச் சித்தூருக்கு வந்தவர் என் தந்தையார். வீட்டிலே தமிழ், வீதியிலே தெலுங்கு என்று வளர்ந்தவன் நான். 2009-இல் என் சித்தியின் கலியாணத்தில் ஆயா நலங்குப் பாட்டுப் பாடினாள். படம் பிடித்தவர் அதை ஒரு டிவிடி தட்டில் பதித்துக் கொடுத்தார். மறு ஆண்டே ஆயா மறைந்தாள். தட்டு, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்தது. சென்ற தீபாவளிக்கு எடுத்துப் போட்டால், தட்டே இல்லை என்கிறது கருவி!

"நீ படிக்கிற படிப்புக்கு இதைக்கூடச் சரி பண்ண முடியாதாடா?" என்றாள் அம்மா. பௌதிகம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடக் கடினமான பரீட்சை உண்டோ? தட்டைத் துணியில் சுற்றித் திருப்பதிக்கு எடுத்து வந்தேன்.

விஷயம் இதுதான், நண்பர்களே. கடையில் விற்ற சினிமாத் தட்டுகளில் குழிகளை அச்சுப்போல் அழுத்திவிடுவார்கள். நாம் பதியும் டிவிடியிலோ, சாயப் பூச்சு ஒன்றைச் சிவப்பு லேசர் சுட்டுப் புள்ளியிடுகிறது. சாயம் என்றால் வெளுக்கத்தானே செய்யும்? என் குடியாத்தத்து லுங்கியே சாட்சி. பின்னால் வந்த புளூ-ரே தட்டின் கதை வேறு. டிவிடியின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 650 நானோமீட்டர். இதன் நீல ஊதா ஒளிக்கு 405. அலை குறுகக் குறுகப் புள்ளியும் சிறுக்கும். வரிக்கு வரி இடைவெளி 0.32 மைக்ரான், ஒரு தலைமயிரின் அகலத்தில் ஏறக்குறைய 200 வரிகள்! ஆகவே 4.7 ஜிகாபைட் கொண்ட அதே 12 சென்டிமீட்டர் வட்டில், ஓர் அடுக்குக்கு 25 ஜிகாபைட் அடங்குகிறது. பதிபொருளும் பெரும்பாலும் சாயமன்று. ஜப்பானின் டிடிகே கம்பெனி செம்புக் கலவையையும் சிலிக்கனையும் இரு படலமாகப் பூசி, லேசர்ச் சூட்டில் அவை கலக்கும் இடத்தையே எழுத்தாக்கியது.

செம்பு என்றதும் மலைமேல் உள்ள செப்பேடுகள் நினைவுக்கு வந்தன. அன்னமாச்சாரியார் (1408–1503) பாடல்களைச் செம்பில் வெட்டித் திருமலைக் கோயிலின் கற்சுவர்ச் சிற்றறை ஒன்றில் வைத்தார்கள். 1922-இல் அவை வெளிப்பட்டபோதும் படிக்க முடிந்தது. கருவி வேண்டாம், கண் போதும். புளூ-ரேக்கோ கருவி வேண்டும். பதியும் புளூ-ரே தட்டுகள் செய்வதைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. கருவிதான் எத்தனை நாளைக்கோ!

விடுதி நண்பனின் பழைய கணினியில், தட்டை மிக மெதுவாகச் சுழல விட்டு, மூன்று இரவுகள் முயன்றேன். பதினொரு நிமிடம் மீண்டது. ஆயா தொண்டையைச் செருமுகிறாள், யாரோ சிரிக்கிறார்கள், பாட்டுத் தொடங்கிப் பாதியில் கட்டம் கட்டமாக உடைகிறது. மீண்ட மட்டும் ஒரு புளூ-ரே தட்டிலும் வேறு இரண்டு இடத்திலும் படியெடுத்து வைத்தேன். மீதியை? ஞாயிறுதோறும் அம்மா தொலைபேசியில் சொல்லச் சொல்ல, நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதி வருகிறேன். நான்கு அடிகள் மட்டும் இன்னும் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. பொங்கலுக்குக் குடியாத்தம் போகும்போது சித்தியைக் கேட்க வேண்டும்.