ஒரு நிமிடத்தில் ஒரு வெட்டு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரு சுற்றுச் சண்டைக்கு எவ்வளவு நேரம்? அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979இல் எழுதிய விதிநூலான 'டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு' ஒரு நிமிடம் என்கிறது. அந்த நிமிடத்துக்கு, சாதாரண வீரன் உருட்டுவது ஒரே ஒரு பகடை. அறுபது விநாடியில் ஒரே வெட்டா என்று கேட்பவர்களுக்கு அவர் பதிலும் வைத்திருந்தார்: பாய்வதும் பதுங்குவதும் போக்குக் காட்டுவதும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன, உருப்படியாக விழக்கூடிய அடிக்குத்தான் பகடை. வாளுக்குச் சரி. வில்லாளிக்கும் அதே நிமிடத்தில் இரண்டே அம்புதான். மிச்ச நேரத்தில் அவன் என்ன செய்தான், நாணுக்கு எண்ணெய் போட்டானா?

சந்தேகம் தீராமல் ஒரு மழைநாளில் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு, கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டுக் குடையைச் சுழற்றிப் பார்த்தேன். முதல் பத்து விநாடி வீராவேசம். பதினைந்தில் முழங்கை வலித்தது. இருபதுக்குப் பிறகு நான் செய்ததெல்லாம் இல்லாத எதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து மூச்சு வாங்கியதுதான். மனைவி எட்டிப் பார்த்து, "யார் மேல கோபம்?" என்றாள். நிமிடம் முடிந்தபோது உருப்படியான வீச்சு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அது மின்விசிறியில் பட்டது. கைகாக்ஸிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

2000இல் ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது. சுற்று ஆறு விநாடியாகச் சுருங்கியது. சண்டை இனிப் பறக்கும் என்றுதானே நினைப்போம்? பறக்கவில்லை, விதிகள்தான் பெருகின. எதிரியின் அருகே அசட்டையாக நகர்ந்தால் அவனுக்கு ஓர் இலவச அடி உண்டு. யாராவது "கட்டிப் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், மேசையே பெருமூச்சு விடும், விதியைத் தேடிப் புத்தகம் திறக்கப்படும்.

2008இன் நான்காம் பதிப்பில் கட்டம் போட்ட வரைபடம், ஆளுக்கொரு கற்றை சக்திகள், அடித்தாலும் அடித்தாலும் சாகாத பூதங்கள். ஒரு சனிக்கிழமை மாலை, கோப்ளின் கூட்டம் ஒன்றோடு மோதினோம். நடுவில் இரண்டு முறை தேநீர், ஒரு முறை மின்வெட்டு. ஐந்து சுற்றில் முடிந்தது. கதைக்குள் கழிந்தது முப்பது விநாடி, மேசையில் இரண்டரை மணி நேரம். காலத்தை நுணுக்கி நுணுக்கி வெட்டினால், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விதி முளைத்துவிடுகிறது.

2014இன் ஐந்தாம் பதிப்பு நிறைய விதிகளைக் கழித்துக்கட்டியது, நல்லது. ஆனால் தன் முறை வந்த பிறகே மந்திரப் பட்டியலைப் படிக்கத் தொடங்கும் நண்பருக்கு எந்தப் பதிப்பிலும் மருந்தில்லை. 1979இன் கணக்குப்படி, நெருப்புக்கோள மந்திரத்துக்கு நிமிடத்தில் பத்தில் மூன்று பங்கு, அதாவது பதினெட்டு விநாடி. அதற்குள் அடிபட்டால் மந்திரம் போச்சு. நண்பர் நிதானமாகப் பக்கம் புரட்டும்போதெல்லாம், குடையை எங்கே வைத்தோம் என்று என் கண் தேடுகிறது.