ஓலையும் சத்தியமும்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சபை விதிகளைக் காணலாம். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். எல்லோரும் மெச்சும் அந்தக் குடத்தைவிட என்னைக் கவர்ந்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயர் மறுபடி குடத்துக்குள் போகாது. அவன் உறவினர் பெயரும் போகாது. மாமனார், மருமகனைக்கூட விடவில்லை, பாருங்கள்!

பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அது பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாளின் பெயரை அங்கே யார் எழுதியிருப்பார்கள்? இன்று அவளுக்கு ஓட்டு உண்டு. ஒரு தேர்தலின்போது, ஓட்டுக்குப் பணம் கொடுக்க வந்தவர்கள் அவளிடம் சாமி படத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்களாம். கொடுத்தவன் எந்தச் சத்தியமும் செய்யவில்லை.

"அது லஞ்சம், அம்மா. அந்தச் சத்தியம் செல்லாது. உங்கள் மனசுப்படி போடுங்கள்" என்றேன்.

கீரைக் கட்டுகளை அடுக்கியபடியே அவள் சொன்னாள்: "உங்களுக்குச் செல்லாதுங்க ஐயா. நான் கை வெச்சது மாரியாத்தா படத்துமேல. வீட்டுல புள்ளைங்க இருக்குதே!"