இரண்டு படங்கள், ஒரே காட்சி

தியானப் பகுதி: பிலிப்பியர் 2:4–8, 4:2



உங்கள் ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேராக ஒரு சாண் தொலைவில் நிறுத்துங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். பின்பு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். விரல் அசையவில்லை, ஆயினும் பின்னாலிருக்கும் சுவரில் அது இடம் மாறியதுபோல் தோன்றும். நம் இரு கண்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியினால், அருகிலிருக்கும் எதையும் அவை முற்றிலும் ஒரேவிதமாகக் காண்பதில்லை.

இவ்வேறுபாடு குறையன்று, பொருள்களின் ஆழத்தை நமக்குக் காட்டுவது இதுவே என்று விளக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேய அறிவியலாளர். ஒரே பொருளை இடக்கண் காண்கிறபடி ஒன்றும், வலக்கண் காண்கிறபடி மற்றொன்றுமாக இரண்டு படங்களை வரைந்து, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படம் மட்டும் தெரியும்படி ஆடிகளைப் பொருத்தினார். தாளில் தட்டையாக இருந்த கோடுகள் கனமுள்ள பொருளாக எழுந்து நின்றன. 1838இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் அக்கருவியை அவர் ஸ்டீரியோஸ்கோப் என்று அழைத்தார். பின்னர் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையில் ஏந்திப் பார்க்கத்தக்க எளிய வடிவத்தை அமைத்தார். இரட்டைப் புகைப்படங்கள் இல்லந்தோறும் நுழைந்தன. 1900இல் ஜெஸ்ஸி லைமன் ஹர்ல்பட் என்னும் மெதடிஸ்ட் போதகர், இத்தகைய படங்களின் வழியே புனித நாட்டைச் சுற்றிக் காட்டும் நூல் ஒன்றை வெளியிட்டார். கப்பலேற வசதியற்ற விசுவாசிகளும் தங்கள் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே எருசலேமைக் கண்டார்கள்.

என் தலைமுறையினர் அறிந்தது அதன் வழிவந்த வியூமாஸ்டர். 1939இல் அமெரிக்காவில் அறிமுகமான கருவி அது. அதற்குள் செருகும் வட்டத்தகட்டில் 14 சிறு வண்ணப் படங்கள் இருக்கும். ஆனால் காட்சிகள் 7 மட்டுமே. ஒரு காட்சிக்கு இரண்டு படங்கள். எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்கு, சிங்கப்பூரிலிருந்த அவருடைய சகோதரர் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். மனப்பாட வசனத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கிறவர்களுக்கு ஒரு சுற்று பார்க்கக் கிடைக்கும். சன்னலின் வெளிச்சத்துக்கு நேராக அதை உயர்த்திப் பிடித்து, பக்கவாட்டிலுள்ள விசையை ஒருவன் அழுத்த, பின்னால் நிற்கிறவர்கள் ஒலியை வைத்து ஏழு வரை எண்ணுவார்கள். எட்டாவது ஒலி கேட்டால் சண்டைதான்.

ஒரு கிறிஸ்மஸ் விடுமுறையில் அக்கருவி இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தது. பெத்லகேமின் காட்சிகளைப் பாட்டியிடம் காட்டினேன். கல் வீடுகள் முன்னே நிற்பதையும் குன்றுகள் தொலைவில் பின்வாங்குவதையும் அவர் கண்டு வியப்பார் என்று காத்திருந்தேன். பாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ராசா, காலண்டர் படம் மாதிரி" என்றார். சிறுவயதில் அம்மை நோயினால் ஒரு கண்ணை இழந்தவர் அவர். அவருடைய கண்ணை வந்தடைந்தது ஒரே ஒரு படம். மற்றப் படம் வீணே காத்திருந்தது.

ஆனால் அதே பாட்டி, குறுகிய வாயுள்ள சீசாவில் ஒரு சொட்டும் சிந்தாமல் எண்ணெய் ஊற்றுவார். ஊற்றும் முன் தலையைச் சற்று இடப்புறமும் வலப்புறமும் அசைப்பார். அது வயோதிகத்தின் பழக்கம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அதன் பொருள் பிற்காலத்தில் விளங்கிற்று. தலை நகரும்போது அருகிலுள்ளது விரைந்தும், தொலைவிலுள்ளது மெதுவாகவும் இடம் மாறித் தோன்றும். ஒரே கண் உடையவர் அந்த மாற்றத்தைக் கொண்டு தொலைவை அறிகிறார். இரண்டு இடங்களிலிருந்து ஒரே வேளையில் காண இயலாதவர், ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு நகர்ந்து காண்கிறார்.

பிரியமானவர்களே, என் தந்தையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, நினைவு ஆராதனைக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுத அக்காவும் நானும் அமர்ந்தோம். அக்கா எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். நான் எழுதிய முதல் பக்கத்தை வாசித்துவிட்டு, "தம்பி, நீ எழுதியிருக்கிற அப்பாவை நான் பார்த்ததே இல்லை" என்றார். என்னை மகிழ்ச்சியோடு இறையியல் கல்லூரிக்கு அனுப்பிய அதே தந்தை, வேலையிழந்திருந்த காலத்தில் அக்காவின் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி மடித்துத் தம் பெட்டியில் வைத்துவிட்டார். எஸ்.எஸ்.எல்.சி.யோடு அக்காவின் படிப்பு நின்றது. எனக்கு அப்போது நான்கு வயது.

அந்த ஆண்டைப் பற்றிச் சொல்லும்படி கேட்டேன். அடகுக்குப் போன பாத்திரங்களைப் பற்றியும், அப்பாவின் முன் எவரும் வாய் திறக்க அஞ்சிய மாலைகளைப் பற்றியும் அக்கா சொன்னார். நான் அறியாத ஒரு மனிதரை அன்று முதன்முறையாகக் கண்டேன். பின்பு, மருத்துவமனையின் கடைசி வாரத்தில் அப்பா என்னிடம் சொன்னதை அக்காவுக்குச் சொன்னேன். "அவளைப் படிக்க வைத்திருக்கலாம்" என்று அவர் மூன்று இரவுகள் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா வெகுநேரம் பேசவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்த ஏக்கத்தை நான் ஆற்ற இயலவில்லை. இயன்றதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் நாங்கள் எழுதி முடித்த குறிப்பில் கண்டிப்பும் கனிவும், வறுமையும் வருத்தமும் உடைய ஒரு மனிதர் இருந்தார். எங்களில் ஒருவர் மாத்திரம் எழுதியிருந்தால் அவர் அதில் இருந்திருக்கமாட்டார்.

இங்கே ஓர் எச்சரிப்பும் தேவை. இரு கண்களுக்கும் முற்றிலும் வேறான இரண்டு எழுத்துகளைக் காட்டினால் என்ன நேரும் என்பதையும் வீட்ஸ்டன் சோதித்தார். அவை ஒரே எழுத்தாக இணைவதில்லை. ஒரு கணம் ஒன்று மேலோங்கும், மறுகணம் மற்றது மேலோங்கும். ஆகவே எல்லாக் கருத்துகளையும் சேர்த்து வைத்தால் உண்மை பிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இருவரும் நோக்குவது ஒரே பொருளாக இருக்கவேண்டும்.

பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரண்டு ஊழியக்காரிகளுக்கிடையே பிணக்கு இருந்தது. பவுல் அப்போஸ்தலர் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பெழுதவில்லை. வேண்டிக்கொள்ளும் வினைச்சொல்லை ஒருத்திக்கு ஒருமுறை, மற்றவளுக்கு ஒருமுறை என்று இரண்டுதரம் எழுதுகிறார். கிரேக்க மூலத்திலும் அப்படியே இருக்கிறது. ஒருவரைச் சார்ந்து மற்றவரை அழைக்காமல், இருவரையும் தனித்தனியே மதித்து அழைக்கிறார். அவர்கள் ஒன்றுபட வேண்டிய இடமாக அவர் காட்டுவது கர்த்தரை.

அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பிறருக்குரியவற்றையும் நோக்கும்படி கற்பித்த பவுல், அடுத்த சொல்லிலேயே கிறிஸ்துவின் சிந்தையைக் காட்டுகிறார். தேவ ரூபமாயிருந்தவர் அடிமையின் இடத்துக்கு இறங்கி வந்தார். நம்முடைய துயரத்தைத் தூரத்திலிருந்து அறிந்தவராக அவர் இருந்துவிடவில்லை. நாம் நிற்கும் இடத்தில் வந்து நின்று, நம் பசியையும் கண்ணீரையும் மரணத்தையும் இங்கிருந்தே கண்டார். நமக்காக இவ்வளவு தூரம் நகர்ந்து வந்தவரைப் பின்பற்றுகிற நாம், உடன்பிறந்தவருக்காக ஓரடி நகர மறுக்கலாமா?

உங்கள் வீட்டிலோ சபையிலோ, ஒரே நிகழ்வை உங்களினின்று வேறாக நினைவில் வைத்திருக்கிற ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரைச் சந்தியுங்கள். உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லுமுன், "நீங்கள் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்குமட்டும் குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஜெபம்: எங்களிடம் இறங்கி வந்த ஆண்டவரே, நாங்கள் கண்டது மாத்திரமே முழுமை என்று எண்ணாதபடி எங்களைக் காத்தருளும். எங்கள் சகோதரர் நிற்கும் இடத்துக்குச் செல்லத் தாழ்மையையும், அங்கே காண்பதைத் தாங்கப் பெலனையும் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.