தோத்துட்டாளாட்டி?

2016 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. ஆடி முடிய இரண்டு நாள் பாக்கி. ராயகிரியில் அம்மா வீட்டில் டிவி சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ரியோ ஒலிம்பிக்கின் கலப்பு இரட்டையர் வெண்கலப் பதக்க ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சானியா மிர்சாவும் ரோஹன் போபண்ணாவும் ஒரு பக்கம், செக் நாட்டு ஜோடி மறுபக்கம். முதல் செட் 1-6 என்று போனது. இரண்டாவது 5-7. அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்:

"தோத்துட்டாளாட்டி?"

போபண்ணாவும்தான் தோற்றிருந்தார். அவரைப் பற்றி அம்மா கேட்கவில்லை.

நான் அப்போது ஆடிக்கு அழைத்து வரப்பட்ட புதுப்பெண். தை மாதம் கல்யாணம் ஆகியிருந்தது. ஆடியில் மகள் தாய் வீட்டில் இருந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். நான் திரும்பிப் போகப்போவதில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். ஆவணி பிறந்ததும் தெரு கேட்க ஆரம்பிக்கும். காரணங்களை இங்கே எழுதப்போவதில்லை. போனேன், இருக்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

அதனால் அந்த வெண்கலம் எனக்குத் தேவைப்பட்டது. நாட்டுக்காக என்றெல்லாம் இல்லை. அந்த வாரம் ஏதோ ஒன்றில் யாராவது ஜெயித்தாக வேண்டும் என்றிருந்தது.

உண்மையில் வலித்தது அதற்கு முந்தைய அரையிறுதி. வீனஸ் வில்லியம்ஸ், ராஜீவ் ராம் ஜோடிக்கு எதிராக முதல் செட்டை 6-2 என்று வென்றார்கள். இன்னும் ஒரு செட் எடுத்தால் பதக்கம் உறுதி. இரண்டாவது செட் அதே 2-6 ஆகத் திரும்பி விழுந்தது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் பத்துப் புள்ளி ஆட்டத்தில் 3-10. அன்று எனக்குச் சானியாமேல் வந்தது பரிவல்ல, கோபம். கையில் இருந்ததை ஏன் விட்டாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, ஆவணியில் என் பெரியம்மா என்னிடம் கேட்கப்போவதும் அதே கேள்விதான்.

(மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். இத்தனை வருடம் வீட்டுப் பிள்ளையாக இருந்தவளை 'அவர்' என்று எழுத வரவில்லை.)

எனக்கு அவள் அறிமுகமானதே ஒரு தோல்வியில்தான். 2005 ஜனவரி. நான் பதினொன்றாம் வகுப்பு. ஆஸ்திரேலிய ஓப்பனில் மூன்றாம் சுற்றுவரை வந்திருந்த பதினெட்டு வயதுப் பெண், செரீனா வில்லியம்ஸிடம் 1-6, 4-6 என்று தோற்றாள். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் மூன்றாம் சுற்றுக்குப் போனதில்லை. மறுநாள் பேப்பரில் படித்தேன். எங்கள் ஊரில் டென்னிஸ் மைதானம் கிடையாது. விதிமுறையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நாலு எனக்குப் பிடித்துவிட்டது. முதல் செட்டில் ஒன்று எடுத்தவள் அடுத்த செட்டில் நாலு எடுத்திருக்கிறாள், அதுவும் அந்த ஆண்டு கோப்பையையே வாங்கிப் போன செரீனாவிடம். எந்தப் பரீட்சையிலும் இப்படி ஒரு மதிப்பெண்ணை நாங்கள் கொண்டாடியதில்லை.

எங்கள் வீட்டில் தோல்விக்குத் துக்கம் காக்கும் வழக்கம் உண்டு. 2003 உலகக் கோப்பை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 125 ரன்னில் தோற்ற அன்று சித்தப்பா சாப்பிடவில்லை. வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சித்தி தட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். 2005 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் நான்காம் சுற்றில் ஷரபோவாவிடம் 2-6, 1-6 என்று சானியா தோற்றதற்கு நான் முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது, அதே சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார், "ஏளா, இதுக்கா இப்படி இருக்க?" ஆண்கள் தோற்றால் வீடே பட்டினி கிடக்கும். ஒரு பெண் தோற்றதற்கு இன்னொரு பெண் வருத்தப்பட்டால் அது சிரிப்புக்குரிய விஷயம்.

அந்த மாதமே அவளுடைய குட்டைப் பாவாடைக்கு எதிராக மதகுருக்கள் சிலர் பேசினார்கள். பலத்த பாதுகாப்போடுதான் அவள் கொல்கத்தாவில் ஆடினாள். எங்கள் வீட்டில் யாரும் முஸ்லிம் இல்லை, என்றாலும் அந்த விஷயத்தில் மட்டும் மதகுருமார்களோடு முழுமையாக ஒத்துப்போனார்கள். நான் அப்போது பள்ளிப் பூப்பந்து அணியில் இருந்தேன். துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு, மஞ்சள் கம்பளிப் பந்தை அடிப்போம். ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்று வந்த அன்று, சித்தப்பா மட்டையை வாங்கிப் பரணில் போட்டார். "தோத்துட்டு வந்தாச்சுல்லா, இனி படிக்கிற வழியப் பாரு." ஜெயித்திருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பார், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடைசிப் புள்ளியை, வலையில் அடித்த என் பந்தை, பல வருடம் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

விசுவாசமான ரசிகை என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. 2008இல், கொடியை அவமதித்தாள் என்று அவள்மேல் வழக்குப் போட்டார்கள். அலுத்துப்போய், பெங்களூரு ஓப்பனில் ஆடமாட்டேன் என்று அறிவித்தாள், தன் சொந்த நாட்டில் நடக்கும் போட்டியில். நான் டிரங்குப் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருந்த அவள் படத்தை அன்று கிழித்தேன். யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. 2010இல் ஷோயப் மாலிக்கைக் கல்யாணம் செய்தபோது வீட்டில் பேசிய பேச்சுக்கு நான் வாய் திறக்கவில்லை. மணிக்கட்டிலும் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்து, கடைசியில் ஒற்றையரை விட்டு இரட்டையருக்குப் போனாள். "தனியா ஆட முடியாம ஒண்டிக்கிட்டா" என்றார்கள். அதற்கும் சும்மா இருந்தேன். இரட்டையர் என்பது ஒண்டுவதல்ல, அது வேறு ஒரு ஆட்டம். பக்கத்தில் நிற்பவள் எங்கே நகர்வாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிய வேண்டும். அவளுடைய சர்வ் எப்போதுமே சுமார்தான், ஓட்டமும் அப்படித்தான். வலக்கை வீச்சு மட்டும் ஆளை நிறுத்திவிடும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு 2015 ஏப்ரலில் இரட்டையரில் உலகின் முதலிடத்துக்குப் போனாள். ஹிங்கிஸோடு சேர்ந்து விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன், ஆஸ்திரேலிய ஓப்பன் என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். 41 ஆட்டங்கள் தோல்வியே இல்லை.

அந்த நிலையில்தான், ரியோவுக்கு ஒரு மாதம் முன்பு, டிவி பேட்டி ஒன்றில் கேட்டார்கள்: எப்போது செட்டில் ஆகப்போகிறீர்கள், குழந்தை எப்போது? உலகின் முதலிடத்தில் இருந்தும் நான் இன்னும் செட்டில் ஆகவில்லை என்றா நினைக்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேட்டவர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார். அதை நான் மாமியார் வீட்டில் போனில் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். அடுத்த வாரம் ஆடிக்கு வந்தவள்தான்.

ரியோ தோல்விக்குப் பிறகு நடந்ததை அதிகம் பேர் கவனிக்கவில்லை. வெண்கலம் போன அதே நாளில் தீபா கர்மாகர் 0.15 புள்ளியில் நான்காவதானாள். அந்த வாரத்திலேயே சாக்‌ஷி மாலிக்குக்கு வெண்கலம், சிந்துவுக்கு வெள்ளி. பேப்பர் முழுக்க அவர்கள்தான், அது நியாயமும்கூட. ஆகஸ்ட் 21ஆம் தேதி, வெண்கலத்தை இழந்து சரியாக ஏழாம் நாள், சின்சினாட்டியில் பார்போரா ஸ்ட்ரைகோவாவுடன் சேர்ந்து ஆடி, ஹிங்கிஸ் இருந்த ஜோடியை 7-5, 6-4 என்று வென்று பட்டம் எடுத்தாள் சானியா. அதுவரை ஹிங்கிஸோடு பங்குபோட்டிருந்த முதலிடம் அவளுக்கு மட்டும் என்றானது. விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் சின்னச் செய்தி. அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏழு நாள்ல போயிட்டாளா?" என்றாள் அம்மா. "அழுது முடிச்சிருக்கவே மாட்டா."

ஏழு நாள் எனக்குப் போதவில்லை. ஆவணி வந்தது, பெரியம்மா வந்தாள், "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்லா" என்றாள். கல்யாண வீடுகளுக்கு அம்மா தனியாகப் போய்வந்தாள். மார்ச் மாதம்தான் புளியங்குடியில் ஒரு எலுமிச்சைக் கமிஷன் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். முதல் சம்பளத்தில் கேபிளுக்கு விளையாட்டுச் சேனல்களையும் சேர்த்துக் கட்டினேன். ஆனி, ஆடிச் சாரலில் மலை மறைந்து கிடக்கும்போது விம்பிள்டன் நடக்கும். அங்கேயும் மழை, இங்கேயும் மழை. காற்றில் கேபிள் அறுந்தால் அம்மாதான் முதலில் போன் போடுவாள்.

2023 ஜனவரி 27. மெல்பர்னில் அவளுடைய கடைசி கிராண்ட்ஸ்லாம், கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம். மறுபடியும் போபண்ணாதான் ஜோடி. வயது 36, பார்வையாளர் வரிசையில் நான்கு வயது மகன். எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். 6-7, 2-6. மைக்கில் பேசும்போது தொண்டை அடைத்தது அவளுக்கு. ஆனந்தக் கண்ணீர் என்றாள். நான் நம்பினேன், பாதி.

போன் வந்தது.

"தோத்துட்டாளாட்டி?"

"ஆமாம்மா."

"பிள்ளை வந்திருந்தானா?"

"வந்திருந்தான்."

"சரி. உளுந்து நனையப் போட்டிருக்கேன். அஞ்சு மணி பஸ்ஸ விட்டுராத."